இரண்டாண்டுப் படிப்பு, ஐந்தாண்டுக் கணக்கு

அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற இணையதளத்தில் நான் படித்த கம்யூனிட்டி காலேஜின் (இரண்டாண்டுப் பட்டம் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) பெயரையும் நர்சிங் என்ற பாடத்தையும் தேடினால் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று, படிப்பை முடித்தவர்கள் வாங்கியிருந்த கடன். மற்றொன்று, முடித்த பிறகு அவர்கள் ஆண்டுக்குச் சம்பாதிப்பது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் இதைவிட லாபமான படிப்பு இந்த நாட்டில் இல்லை என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு எண்களிலும் நான் இல்லை.

காரணம் எளிது. 2015இல் ஒபாமா ஆட்சியில் தொடங்கப்பட்ட அந்தத் தளம், 2019 முதல் பாடவாரியாகவும் விவரம் தருகிறது. மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ பெற்ற மாணவர்களை மட்டுமே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவர்களுடைய வருமானத்தை வரித்துறைப் பதிவுகளிலிருந்து பெறுகிறது. நான் படித்த காலத்தில் எச்4 விசாவில் இருந்தேன். எச்1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கு மத்திய அரசின் கல்வி உதவி ஒரு காசும் கிடையாது. டெக்சாஸில் பல ஆண்டுகள் குடியிருந்ததால் உள்ளூர்க் கட்டணம் கிடைத்தது; அதை ஒவ்வொரு பருவமும் கையிலிருந்து கட்டினோம். ஆகவே அந்த அட்டவணையைப் பொறுத்தவரை நான் கடன் வாங்கவுமில்லை, சம்பாதிக்கவுமில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பன்னிரண்டு ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த அக்காவின் மகள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். நர்சிங்தான் படிப்பேன் என்று உறுதியாக இருந்தாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். எனப்படும் நான்கு ஆண்டு நர்சிங் இளங்கலைப் படிப்புக்கு நேரடி இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை போகக் கடனாக வாங்க வேண்டியது 87,000 டாலர். மாற்று வழி, வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். எனப்படும் இரண்டாண்டு நர்சிங் படிப்பு. இரண்டில் எதை முடித்தாலும் எழுதப்போவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு. கிடைப்பது ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற செவிலியர் என்ற ஒரே உரிமம்.

“நீ படிச்சவம்மா, நீயே சொல்லு. ஆனா கம்யூனிட்டி காலேஜ்னு ஊருக்குப் போன் பண்ணி எப்படிச் சொல்றது? அவ மார்க்குக்கு வேற எதுவும் கிடைக்கலைன்னுதானே நினைப்பாங்க?” என்றார் அக்கா. அவருடைய கணவர் ஏற்கெனவே அந்த ஸ்கோர்கார்டு பக்கத்தை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். எண்கள் தெளிவாகத்தானே இருக்கின்றன, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. நான் இருவர் கட்சியிலும் சேரவில்லை. அன்று மாலை நான் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘இரண்டு ஆண்டு’ என்ற சொல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மாண்டாக் என்பவர், மருத்துவமனைகளே நடத்திவந்த மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பதிலாகக் கல்லூரியில் இரண்டே ஆண்டுகளில் செவிலியரை உருவாக்க முடியும் என்று வாதிட்டார். 1952இல் ஏழு கல்லூரிகளில் சோதனை தொடங்கியது. அதில் தேறியவர்கள் உரிமத் தேர்வில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை என்று தெரிந்ததும் திட்டம் நாடெங்கும் பரவியது. மாண்டாக் நினைத்த இரண்டு ஆண்டு உண்மையிலேயே இரண்டு ஆண்டுதான். இன்று கல்லூரிச் சிற்றேட்டில் அதே சொல் இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. இப்போது அந்த இரண்டு ஆண்டு, இடம் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவது.

என் கணக்கைச் சொல்கிறேன். 2016 ஆகஸ்டில் முதல் வகுப்பில் உட்கார்ந்தேன். உடற்கூறியல் இரண்டு பகுதி, நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலக் கட்டுரை ஆகிய முன்தேவைப் பாடங்களை, மகன் சிறியவனாக இருந்ததால் பருவத்துக்கு ஒன்றிரண்டாக எடுத்து, 2018 மே மாதத்தில் முடித்தேன். ஹெசி என்ற நுழைவுத் தேர்வும் எழுதி விண்ணப்பித்தேன். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. நுண்ணுயிரியலில் வாங்கிய ஒரு ‘பி’ என்னைத் தரவரிசையில் கீழே இறக்கியிருந்தது. அடுத்த விண்ணப்பத்தில் இடம் கிடைத்து 2019 ஜனவரியில் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் மருத்துவமனைகள் மாணவர்களை வெளியே நிறுத்தின. கிளினிக்கல் எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியில் பாதி கணினித் திரையில் நடந்தது. டிசம்பரில் முடித்து, 2021 பிப்ரவரியில் என்கிளெக்ஸ் எழுதினேன். தேறுவாரா மாட்டாரா என்று உறுதியானதும் கணினியே தேர்வை நிறுத்திவிடும்; எனக்கு 75ஆவது கேள்வியிலேயே, அதாவது அப்போதைய குறைந்தபட்ச எண்ணிக்கையிலேயே அணைந்தது. அந்தத் தேர்வு எழுதியவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை என்னவென்று தெரியும். ஒன்று மிக நன்றாக எழுதியிருக்க வேண்டும், இல்லையேல் மிக மோசமாக எழுதியிருக்க வேண்டும், எது என்று வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். மார்ச்சில் வேலை. முதல் வகுப்புக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே நான்கு ஆண்டு ஏழு மாதம்.

இதில் நான் சோம்பியிருந்த காலம் என்று ஒன்றுமில்லை. இடங்கள் குறைவாக இருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. டெக்சாஸ் விதிப்படி மருத்துவமனைக்குள் ஓர் ஆசிரியர் பத்து மாணவர்களுக்கு மேல் அழைத்துப்போகக் கூடாது. அந்த ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அந்தப் பட்டம் உள்ளவர் வகுப்பறையை விட்டுவிட்டு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வேலை பார்த்தால் கூடுதல் சம்பளம் வாங்கலாம். ஆக, செவிலியர் சம்பளம் உயர உயர, செவிலியரை உருவாக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிதாகிறது. சம்பள எண்ணைப் பார்த்துத்தான் மாணவர்கள் வருகிறார்கள். அதே சம்பளம்தான் வாசலையும் குறுக்குகிறது.

இதைக் கலிபோர்னியாவில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, 46 டாலர். 2012 முதல் அது மாறவில்லை. 70 யூனிட் எடுத்தாலும் கல்விக் கட்டணம் 3,220 டாலர்தான். அந்த மாநிலத்து ஆர்.என். ஒருவரின் சராசரி ஆண்டு ஊதியமோ 1.3 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. வீட்டு வாடகையை நினைத்தால் அந்தத் தொகை கொஞ்சம் சுருங்கும். அப்படியும் காகிதத்தில் இதற்கு இணையான பேரம் வேறெங்கும் இல்லை. அதனால்தான் அங்கே பல கல்லூரிகளில் நர்சிங் இடத்துக்குக் குலுக்கல் நடக்கிறது. எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியவர் குலுக்கலில் பெயர் வராமல் மறுபடி மறுபடி விண்ணப்பிப்பது அங்கே புதுமையல்ல. அந்தக் காத்திருப்புக்கு ஸ்கோர்கார்டில் பத்தியே கிடையாது.

சம்பள எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் அதிலேயே பலர் ஏமாறுகிறார்கள். தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, நாடு முழுவதும் ஆர்.என்.களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர். பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குகிறார்கள். இந்த ஆண்டுத் தொகையை அந்தத் துறை எப்படிப் பெறுகிறது என்றால், மணிக்கூலியை 2,080ஆல் பெருக்குகிறது. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம். 93,600ஐ 2,080ஆல் வகுத்தால் சரியாக மணிக்கு 45 டாலர். ஆனால் மருத்துவமனையில் முழுநேரம் என்பது வாரம் மூன்று நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி. அதாவது 36 மணி. ஆண்டுக்கு 1,872 மணி. அதே 45 டாலரை இதனால் பெருக்கினால் 84,240தான் வரும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் டாலர் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. கூடுதல் ஷிஃப்ட் எடுத்து அதை ஈடு செய்பவர்கள் உண்டு. அவர்கள் முழங்காலையும் தூக்கத்தையும் விலையாகக் கொடுத்துத்தான் ஈடு செய்கிறார்கள். மேலும் அந்த இடைநிலை ஊதியம் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் சேர்த்துப் பார்த்த அளவு. நான் 2021இல் சேர்ந்தபோது மணிக்கு 31 டாலர், நைட் ஷிஃப்டுக்கு 4 டாலர் சேர்த்து 35. முழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் 65,520. இது குறைந்த சம்பளம் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டாண்டுப் பட்டத்துக்கு இப்படி ஒரு தொடக்கச் சம்பளம் தரும் வேறு துறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொண்ணூறாயிரம் என்ற எண்ணத்தோடு வருபவர் மட்டும் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பார்.

இனிக் கடன் பத்தி. அக்காவின் கணவர் அச்சிட்டுக் கொண்டுவந்த தாளில் தனியார் பல்கலைக்கழகத்துக்கு நேரே கடன் சுமார் 27,000 டாலர் என்று இருந்தது. “இவ்வளவுதானே, காரே அதைவிட ஜாஸ்தி” என்றார். அந்த 27,000 தற்செயலான எண்ணல்ல. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் மத்திய அரசிடம் முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிந்தைய இரண்டு ஆண்டுகளில் தலா 7,500 டாலருக்கு மேல் கடன் வாங்கச் சட்டத்திலேயே இடமில்லை. கூட்டினால் 27,000. எனவே ஆண்டுக்கு அறுபதாயிரம் டாலர் வசூலிக்கும் கல்லூரியானாலும் மாணவரின் கடன் பத்தி அந்த உச்சவரம்பைத் தாண்டி அதிகம் போகாது. மிச்சத்தைப் பெற்றோர், மத்திய அரசு பெற்றோர் பெயரிலேயே தரும் ‘பேரண்ட் பிளஸ்’ கடனாகவோ தனியார் வங்கிக் கடனாகவோ வாங்குகிறார்கள். பேரண்ட் பிளஸ் கடனைத் தளம் தனியாக வேறோர் இடத்தில் காட்டுகிறது; தனியார் வங்கிக் கடன் எங்குமே இல்லை. பிள்ளையின் பெயரில் உள்ள கடன் சிறியது என்று ஆறுதல் கொள்பவர், மீதிக் கடன் தன் பெயரில் இருப்பதை மறந்துவிடுகிறார்.

அன்று மேசையில் அந்தப் பெண்ணையே கணக்குப் போடச் சொன்னேன். 2025–26க்கு மாணவர் கடன் வட்டி 6.39 சதவீதம், பேரண்ட் பிளஸ் வட்டி 8.94 சதவீதம். இந்த வட்டி நான்கு ஆண்டும் மாறாது என்று வைத்துக்கொண்டு, படிக்கும்போதே ஏறும் வட்டியையும் விட்டுவிட்டு, பத்தாண்டுத் தவணை போட்டால் 27,000க்கு மாதம் 305 டாலர், பெற்றோரின் 60,000க்கு மாதம் 758 டாலர். இரண்டும் சேர்ந்து 1,063. பத்தாண்டில் கட்டி முடிப்பது 1,27,560 டாலர். அக்காவின் கணவர் அந்த எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாகப் பேரண்ட் பிளஸ் வாங்குபவர்களுக்கு ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்திருக்கிறது. அதனால் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்குமா, பெற்றோர் தனியார் வங்கிக்கு ஓடுவார்களா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

இதோடு நிறுத்தியிருந்தால் கம்யூனிட்டி காலேஜுக்கு எளிதாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தனியார் பல்கலைக்கழகம் விற்பது பட்டத்தை மட்டுமல்ல. நேரடி இடம் என்பதால் வரிசை இல்லை. நான்காம் ஆண்டு முடிவில் தேர்வு எழுதலாம் என்பது ஏறத்தாழ உறுதி. அந்த உறுதிக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் இப்போது புதிதாகச் சேர்பவருக்கு மணிக்கு 36 டாலர், ஆண்டுக்கு 67,392. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால், மத்திய வரிகள் போகக் கையில் 55,000 டாலருக்குச் சற்று மேல் நிற்கும். வேலைக்குப் போவது ஓர் ஆண்டு தள்ளிப்போனால் இழப்பது அந்தத் தொகை. ஆகவே கம்யூனிட்டி காலேஜ் வழியில் அவள் தனியார் வழியைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதமாக வேலைக்குச் சேர்ந்தால், அந்தப் பெரிய கடன் வாங்காததால் மிச்சமானதெல்லாம் கரைந்துபோயிருக்கும். முன்தேவைப் பாடங்களை ஓராண்டில் முடித்து முதல் விண்ணப்பத்திலேயே இடம் கிடைத்தால் மூன்றே ஆண்டில் வேலை. அப்போது கடனும் இல்லை, ஓர் ஆண்டுச் சம்பளமும் முன்கூட்டியே கிடைக்கும்.

“அப்போ எல்லாமே அந்த அட்மிஷன்லதான் இருக்கா, ஆன்ட்டி?” என்றாள் அவள். அந்த ஒரு கேள்விக்கு அச்சிட்ட தாள் பதில் சொல்லாது என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

இடம் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. எங்கள் பிரிவில் நாற்பது பேர் சேர்ந்தோம். படிப்பை முடித்தவர்களுக்குச் செவிலியர் சின்னம் அணிவிக்கும் நாளில் இருபத்தேழு பேர் நின்றோம். எங்கள் கல்லூரியில் தேர்ச்சிக்கு 75 மதிப்பெண் வேண்டும். பின்னத்தை மேலே ஏற்ற மாட்டார்கள். இரண்டு முறை தவறினால் திரும்பச் சேர முடியாது. இந்தக் கடுமைக்கும் காரணம் உண்டு. என்கிளெக்ஸை முதல் முறை எழுதுபவர்களில் 80 சதவீதம் தேற வேண்டும் என்பது டெக்சாஸ் நர்சிங் வாரியத்தின் விதி. அதற்குக் கீழே போனால் கல்லூரியின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. எனவே தேறுவார் என்று நம்பிக்கை இல்லாதவரை முன்பே வடிகட்டிவிடுகிறார்கள். மருந்தளவைக் கணக்கிடும் தேர்வில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து போய்விடும் என்பதால் அங்கே கருணை காட்டச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

என்னோடு படித்த ஒருவர் மூன்றாம் பருவத்தில் 73.6 எடுத்தார். அதற்கு முன் ஒரு முறை தவறியிருந்ததால் அதுவே கடைசி. ஆய்வகத்தில் நோயாளி பொம்மைக்குக் குழாய் பொருத்துவதில் எங்களில் அவரைப் போல் கை நேர்த்தி யாருக்கும் இல்லை. கேள்வித்தாளில் நான்கு விடையும் சரியாக இருக்கும்போது ‘முதலில் செய்ய வேண்டியது எது’ என்று தேர்ந்தெடுப்பதில்தான் அவர் சறுக்கினார். அவர் மத்திய அரசிடம் வாங்கிய கடன் 11,000 டாலர். இப்போது எங்கள் வார்டிலேயே நோயாளிகளைக் குளிப்பாட்டவும், ரத்த அழுத்தம் பார்க்கவும், படுக்கை மாற்றவும் உதவும் பணியில் இருக்கிறார். மணிக்கு 18 டாலர். கொரோனாவின்போது நிறுத்திவைத்திருந்த கல்விக் கடன் தவணைகள் 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது, அதிகாலை மூன்று மணிக்கு மருந்து அறை வாசலில் நின்று கைபேசியில் தவணைத் தொகையை என்னிடம் காட்டினார். சுமார் 120 டாலர். “உனக்கு எவ்வளவு?” என்று கேட்டார். எனக்குக் கடனே இல்லை என்று சொல்ல அன்று நாக்கு எழவில்லை.

அவரும் அந்தத் தளத்தின் நர்சிங் அட்டவணையில் இல்லை. அங்கே இருப்பவர்கள் படிப்பை முடித்தவர்கள் மட்டுமே. கடனுக்குப் பணம் கட்டாமல் விடுபவர்களில் பெரும் பகுதி, பெரிய கடன் வாங்கிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். சிறிய கடன் வாங்கிப் பட்டம் பெறாமல் வெளியேறியவர்கள். மேலே சொன்ன அதே 2025 சட்டம், பட்டம் பெற்றவர்களின் இடைநிலை வருமானம் வெறும் பள்ளிப் படிப்பு முடித்தவர்களின் வருமானத்தைவிடக் குறைவாக உள்ள படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடனை நிறுத்தவும் வழி செய்திருக்கிறது. நர்சிங் அந்தச் சோதனையை உறக்கத்திலேயே தாண்டிவிடும். ஆனால் அதுவும் முடித்தவர்களை மட்டுமே பார்க்கிறது. நாற்பதில் பதின்மூன்று பேர் எங்கே போனார்கள் என்று அதுவும் கேட்பதில்லை.

முடிக்காத ஆபத்து இருக்கும் இடத்தில் குறைந்த கடன் என்பதே பெரிய பாதுகாப்பு என்பது என் கருத்து. 73.6 எடுத்த அந்தத் தோழி, அதே ஏ.டி.என். பட்டத்தைப் பல மடங்கு கட்டணத்துக்கு விற்கும் லாபநோக்குக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து தவறியிருந்தால், 11,000க்குப் பதில் நாற்பது ஐம்பதாயிரத்தைச் சுமந்துகொண்டிருப்பார். அந்தக் கல்லூரிகளின் விளம்பரத்தில் முதலில் வருவதே ‘காத்திருக்க வேண்டாம்’ என்ற வாசகம்தான். வரிசையின் களைப்பைக் காசாக்கத் தெரிந்தவர்கள். அங்கே எடுத்த பாடங்களை மேல்படிப்புக்குச் சேரும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் சேரவே கூடாது. வரிசையைத் தாண்டும் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023 ஜனவரியில் வெளியான புளோரிடா வழக்கு சாட்சி: அங்கே 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் பட்டங்கள் விற்கப்பட்டிருந்தன.

என் சொந்தச் செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ‘கடன் இல்லை’ என்பதைச் ‘செலவு இல்லை’ என்று யாரும் படித்துவிடக் கூடாது. முன்தேவைப் பாடங்களையும் சேர்த்துக் கல்விக் கட்டணம் சுமார் 6,500 டாலர். புத்தகங்கள், சீருடை, ஸ்டெதாஸ்கோப், தடுப்பூசிகள், கைரேகைச் சோதனை, நுழைவுத் தேர்வு, என்கிளெக்ஸுக்கு 200, மாநில உரிமத்துக்கு 75 என்று சில்லறையாகப் போனது 3,400. இவை எல்லாவற்றையும் விடப் பெரியது மகனின் டே-கேர். கிளினிக்கல் நாளில் காலை ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் இடம் மாதம் 850 டாலர் கேட்டது. இருபது மாதம், 17,000 டாலர். கல்லூரிக்குக் கொடுத்ததைவிட மகனைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கொடுத்தது அதிகம். கணவரின் சம்பளம் இல்லாத வீட்டில் இது கடனட்டையில்தான் ஏறியிருக்கும். கடனட்டைப் பாக்கியை எந்தக் கல்வி அட்டவணையும் கல்விக் கடன் என்று அழைப்பதில்லை.

பி.எஸ்.என். இல்லாமல் ஏ.டி.என்.னோடு நின்றால் சம்பளம் குறையுமா என்று அக்கா கேட்டார். எங்கள் மருத்துவமனையில் வித்தியாசம் மணிக்கு ஒரு டாலர், ஆண்டுக்கு 1,872. சம்பளத்தில் தெரியாத இந்த வித்தியாசம் கதவுகளில் தெரியும். சில பெரிய மருத்துவமனைகள் ஏ.டி.என். முடித்த புதியவர்களின் விண்ணப்பத்தைப் பிரிப்பதே இல்லை. நியூயார்க் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டப்படி, அங்கே புதிதாக உரிமம் பெறுபவர்கள் பத்தாண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெற வேண்டும். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பி.எஸ்.என். முடிக்கலாம், முதலாளி ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கட்டும் கல்விக் கட்டணத்துக்கு வரி கிடையாது என்பதால் பல மருத்துவமனைகள் ஏறக்குறைய அந்தத் தொகையைத் தருகின்றன. நான் அப்படித்தான் முடித்தேன். என் கையிலிருந்து போனது புத்தகக் காசு. கடன் தள்ளுபடித் திட்டங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. லாபநோக்கற்ற மருத்துவமனையில் பத்தாண்டு, 120 தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் பெரிய கடன்காரர்களுக்கானது; சிறிய கடன் அதற்குள் தானே தீர்ந்துவிடும். பற்றாக்குறை உள்ள இடங்களில் இரண்டு ஆண்டு பணியாற்றினால் கடனில் 60 சதவீதத்தை அடைக்கும் ‘நர்ஸ் கோர்’ திட்டம் உண்மையிலேயே நல்லது. விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

அன்று இரவு அவர்கள் கிளம்பும்போது நான் சொன்னது ஒன்றுதான். கம்யூனிட்டி காலேஜில் சேர்வதானால், கடனையும் சம்பளத்தையும் காட்டும் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கல்லூரியின் நர்சிங் துறைக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: சென்ற முறை எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி என்ன, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள். அக்காவின் கணவர் மறுவாரமே விடுப்புப் போட்டுக்கொண்டு போனார். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரு தாளில் கிடைத்தது. மூன்றாவதற்கு அந்த அலுவலர் வேறு அறையைக் கைகாட்டினாராம்.

அவள் ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜிலேயே சேர்ந்தாள். அக்கா ஊருக்குப் பேசும்போது “நர்சிங் சேர்ந்திருக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கல்லூரியின் பெயரை யாரும் கேட்பதுமில்லை. உடற்கூறியல் முதல் பகுதியில் அவளுக்கு ‘பி’ வந்திருக்கிறது. ஒரு ‘பி’ எத்தனை புள்ளியைக் குறைக்கும், மறுபடி எடுத்தால் புதிய மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பார்களா, இரண்டின் சராசரியைப் பார்ப்பார்களா என்று சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்குக் கேட்டு எழுதியிருந்தாள். ஒவ்வொரு கல்லூரிக்கும் விதி வேறு. துறையின் கையேட்டில் மாணவர் சேர்க்கைப் பகுதியைப் பார் என்று ஷிஃப்டின் நடுவே பதில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். சராசரிதானாம்.